கோழியிடம் கேட்டுப் பார்த்தவர்கள்

அம்மாயி வீட்டில் ஒரு செவலைக் கோழி இருந்தது. முட்டை வைக்கிற நாளில் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கே கேற ஆரம்பித்துவிடும். கேறுவது வேறு, கொக்கரிப்பது வேறு. கொக்கரிப்பு முட்டை போட்ட பிறகு, ஊருக்கே கேட்கும்படி. கேறல் அதற்கு முன்னால் வருவது. தொண்டைக்குள்ளேயே இழுத்து இழுத்து, முனகலுக்கும் முறையீட்டுக்கும் நடுவில் ஒரு சத்தம். கேறிக்கொண்டே திண்ணைக்குப் போகும், அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கும், நெல் மூட்டைச் சந்துக்குள் பாதி உடம்பை நுழைத்துவிட்டுப் பின்வாங்கும். அதற்கென்றே அம்மாயி அட்டாலிக்குக் கீழே ஒரு பழங்கூடையில் வைக்கோல் போட்டு வைத்திருந்தார். பெரும்பாலும் அதில்தான் போய் உட்காரும். ஒருநாள் என் பைக்கட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது.

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. தூக்கிப் போடப் போனேன். அம்மாயி கையைத் தட்டிவிட்டார். "விடு கண்ணு. இன்னைக்கு அங்கதான் வெக்கோணும்னு அதுக்குத் தோணிருக்குது. இப்பக் கெளப்புனா முட்டைய அடக்கிட்டு நாள் பூரா அலையும்."

நோட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டு போய் வகுப்பு வாசலில் நின்றது தனிக்கதை.

அப்பா வைத்திருந்தது வேறு கோழி. நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு ஷெட், 6,000 லேயர், அதாவது முட்டைக் கோழி. இந்த ஊர்க் கணக்குக்கு அது பண்ணையே இல்லை; லட்சக்கணக்கில் வைத்திருப்பவர்களிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். கூண்டு 15 அங்குல அகலம், 12 அங்குல ஆழம். ஒரு கூண்டுக்கு மூன்று கோழி. தரைக்கம்பி முன்பக்கம் சாய்வாக இருக்கும், முட்டை போட்டதும் உருண்டு வெளியே வந்து நிற்கும். லீவு நாளில் முட்டை பொறுக்குவது என் வேலை. காலை ஏழிலிருந்து பத்து வரைக்கும் ஷெட்டுக்குள் ஒரு இரைச்சல் இருக்கும். சில கோழிகள் கம்பிக்கு வெளியே தலையை விட்டு விட்டு எடுக்கும், மற்ற இரண்டின் முதுகில் ஏறி மிதிக்கும், நிற்காமல் இருந்த இடத்திலேயே நடக்கும். அப்புறம் சட்டென்று அடங்கி, உடம்பைத் தாழ்த்தி முட்டையைப் போடும். முட்டை உருண்டு போய்விடும்.

அந்த இரைச்சலில் பாதி கேறல்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை. அம்மாயி வீட்டில் கோழி இடம் தேடுகிறது என்று தெரிந்த அதே பையனுக்கு, அப்பாவின் ஷெட்டில் கோழி சத்தம் போடுகிறது என்று மட்டும்தான் தெரிந்தது. கூண்டுக் கோழி அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கால்நடை மருத்துவம் படித்து, மேற்படிப்புக்கு வந்து, நூலகத்தில் பழைய ஆய்விதழ்களைப் புரட்டும்போதுதான் எடின்பரோவில் டேவிட் உட்-கஷ் என்றொருவர் இதே நடையை 1960களிலேயே உட்கார்ந்து பார்த்து எழுதியிருப்பது கண்ணில் பட்டது. கோழிக்குள் என்ன நடந்து இந்த நடை வருகிறது என்று அவரும் கில்பர்ட் என்ற உடலியல்காரரும் தேடிப் போனார்கள். கிடைத்த விடை எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். கருமுட்டை சினைப்பையில் இருந்து வெடித்து வெளியே வருகிறது. அது முட்டைக்குழாயில் இறங்கி, வெள்ளைக்கரு சேர்ந்து, ஓடு பூசிக்கொண்டு வெளியே வரக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். அது புறப்பட்ட இடத்தில் வெறும் பை ஒன்று சுருங்கிக் கிடக்கும். மறுநாள் கூடு தேடச் சொல்லி உந்துவது அந்த வெறும் பைதான். அதை வெட்டி எடுத்துவிட்டால் கூடு தேடுவது நின்றுவிடுகிறது. அப்போதும் முட்டை வரத்தான் செய்யும். தேட்டம் மட்டும் இருக்காது.

அதாவது, முட்டை கிளம்பிய நிமிடமே மறுநாள் காலையின் பரபரப்பு தீர்மானமாகிவிடுகிறது. கூண்டில் இருக்கிறோமா, கூடை இருக்கிறதா, அட்டாலி இருக்கிறதா என்று அந்தப் பை பார்ப்பதில்லை. எந்திரத்தில் பொரிந்து கூண்டிலேயே வளர்ந்த தலைமுறைதானே, அதற்கு என்ன தெரியும் என்று அப்பா சொல்வார். தெரிய வேண்டியதே இல்லை, உடம்பு சொல்லிவிடுகிறது.

இதைப் படித்த அன்று இன்னொன்றும் மனதில் விழுந்தது. கோழிக்கு வேண்டியது என்ன என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துகொள்ள, சில கோழிகளின் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. அந்தக் கோழிகளுக்குக் கூடு கிடைக்கவில்லை, கூடு வேண்டும் என்ற எண்ணமும் போய்விட்டது. இந்தத் துறையில் இருக்கிறவர்கள் இதைப் பேசுவது குறைவு.

*

கூண்டுக் கோழிக்காக முதலில் பேசியவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. 1964இல் இங்கிலாந்தில் ரூத் ஹாரிசன் என்ற பெண்மணி, தொழிற்சாலை போல நடக்கும் பண்ணைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது கிளப்பிய கொந்தளிப்பில் அரசாங்கம் பிராம்பெல் என்ற விலங்கியல் பேராசிரியர் தலைமையில் ஒரு குழு போட்டது. 1965 டிசம்பரில் அறிக்கை வந்தது. ஒரு பிராணிக்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்றது அந்த அறிக்கை. எங்கள் 15க்கு 12 கூண்டில் இந்த ஐந்தில் எத்தனை நடக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நிற்பது நடக்கும். மற்றதெல்லாம் கூட இருக்கிற இரண்டும் விட்டுக் கொடுத்தால்தான்.

அதே அறிக்கையில் ஒரு பரிந்துரை. கோழிக் கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பி வலை போடக் கூடாது, கனமான கம்பி போட வேண்டும். மெல்லிய வலை காலை உறுத்தும் என்பது எண்ணம். நீங்களோ நானோ வெறுங்காலோடு இரண்டின் மேலும் நின்று பார்த்தால் இதைத்தான் சொல்வோம்.

1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இருவர் இதைக் கோழியிடமே விட்டுப் பார்த்தார்கள். ஒரே கூண்டில் வேறு வேறு தரை. கோழி எங்கே போய் நிற்கிறது என்று கணக்கு எடுத்தார்கள். குழு வேண்டாம் என்ற மெல்லிய வலையில்தான் கோழிகள் அதிகம் நின்றன! பிறகு காரணமும் பிடிபட்டது: வலை நெருக்கமாக இருந்தால் பாதத்தின் நிறைய இடங்களில் தாங்கல் கிடைக்கிறது, எடை பரவுகிறது.

நல்ல மனசோடு, நிபுணர்கள் உட்கார்ந்து, தன் காலை வைத்துக் கோழியின் காலைப் பற்றி முடிவு செய்திருக்கிறார்கள். கேலி செய்யச் சொல்லவில்லை. அந்த அறிக்கை இல்லை என்றால் பின்னால் வந்த எதுவுமே இல்லை. ஆனாலும் நான் பாடம் எடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் இந்தக் கதையை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பிராணி மேல் பிரியம் என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குச் சுருக்கென்று இருக்கும்.

நம்மிடம் ஜீவகாருண்யம் என்று ஒரு சொல் இருக்கிறது. அழகான சொல். ஆனால் அது என் நெஞ்சு உருகுவதைப் பற்றியது. எதிரே இருக்கும் ஜீவனுக்கு என்ன வேண்டும் என்பதற்கு அதில் இடம் குறைவு. காருண்யம் மிகுந்து பசுவுக்கு வெண்பொங்கலும் பச்சரிசியும் ஊட்டி, வயிறு புளித்துப் படுத்துவிட்ட மாடுகளைப் பொங்கலுக்கு மறுநாள் எத்தனை பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குள் குழாய் விடும்போது சொந்தக்காரர் அழுதுகொண்டு நிற்பார்.

*

மரியன் டாக்கின்ஸ் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் ஆக்ஸ்ஃபோர்டில் 1970களில் செய்ததும் கோழியிடமே கேட்டதுதான், இன்னும் கவனமாக. ஒரு பக்கம் கூண்டு, இன்னொரு பக்கம் திறந்த தோட்டம். நடுவில் கோழியை விட்டார். கூண்டில் வளர்ந்த கோழிகள் முதலில் எதைத் தேர்ந்தெடுத்தன தெரியுமா? கூண்டை. பண்ணைக்காரர்கள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். என் அப்பா நிறுத்தினார். "பாத்தியா?" என்றார். ஆனால் தோட்டம் என்றால் என்ன என்று கோழிகளுக்குக் கொஞ்சம் பழக்கமானதும், சில முறைகளிலேயே தோட்டத்துக்கு மாறிவிட்டன. பழகாத இடம் எது என்றாலும் பயம்தான். முதல் தேர்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் அந்த ஆய்வு எங்களுக்குக் கொடுத்த பாடம்.

பிறகு அவர் இடத்தையும் தரையையும் பிரித்துக் கேட்டார். பெரிய இடம், ஆனால் கம்பித் தரை. சின்ன இடம், ஆனால் காலால் கிளறும்படியான தரை. கோழி சின்ன இடத்தை எடுத்துக்கொண்டது. கிளறுவது அவ்வளவு முக்கியம்.

1989இல் அவரும் ஹார்டி என்பவரும் கோழிகளை மேலிருந்து படம் பிடித்து, ஒவ்வொரு அசைவுக்கும் எவ்வளவு இடம் போகிறது என்று அளந்தார்கள். சும்மா நிற்கச் சராசரி 475 சதுர செ.மீ. சிறகை நீட்ட 893. திரும்ப 1,272. சிறகடிக்க 1,876. அளந்தது கனமான பழுப்பு நிறக் கோழிகள், எங்கள் ஷெட்டில் இருந்தது வெள்ளை லெகார்ன் வம்சம், கொஞ்சம் ஒல்லி. அதற்குத் தள்ளுபடி கொடுத்துவிட்டே பாருங்கள். 15 அங்குலத்தை 12ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் கோழிக்கு 387 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாள் 624. விடுதி அறையில் ஏ4 தாளை மடித்து, கத்தரித்து, 387க்கு வெட்டித் தரையில் வைத்தேன். கூட இருந்த நண்பன், "தட்டு வைக்கக்கூட எடம் பத்தாதுடா" என்றான்.

தேர்வு மட்டும் கேட்டால் போதாது என்று அடுத்து வந்தவர்கள் சொன்னார்கள். டீயா காப்பியா என்று கேட்டால் காப்பி என்பேன். காப்பி இல்லை என்பதற்காகச் செத்துவிட மாட்டேன். எவ்வளவு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? விலை வைத்து. ஆங்கிலேயர்களான கூப்பரும் ஆப்பிள்பியும் கூட்டுக்குப் போகும் வழியில் தள்ளித் திறக்கும் கதவு வைத்துக் கனத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். முட்டை போடும் நேரம் நெருங்க நெருங்கக் கோழி அந்தக் கதவைத் தள்ளுகிற தள்ளு, பசியில் தீவனத்துக்காகத் தள்ளுகிற அளவுக்குப் போய், அதையும் தாண்டியது. பசிக்குச் சமமாக ஒன்று வேண்டும் என்று கோழி சொல்கிறது என்றால் அதை ஆசை என்று சொல்லித் தள்ள முடியாது.

அப்புறம் ஹாலந்தில் ஒரு குழு சத்தத்தையே எடுத்துக்கொண்டது. பசிக்குத் தீவனம் கண்ணெதிரே இருந்தும் எட்டாதபோதும், வேண்டியது கிடைக்காத மற்ற நேரங்களிலும் கோழி ஒரு குறிப்பிட்ட சத்தம் போடுகிறது. நீண்டு இழுபட்டு ஏறும் முனகல். முட்டை வைக்கும் முன்னாலும் அதே சத்தம். அதற்கு ககேல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குப் பெயர் இல்லாமலா இருந்தோம்? கேறல்.

அம்மாயி சொன்ன இன்னொன்றும் சரிதான். "கெளப்புனா முட்டைய அடக்கிட்டு அலையும்." முட்டை போடும் நேரத்தில் கோழியைக் கலைத்தால் அது முட்டையை உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. ஓடு பூசும் பையில் கூடுதல் நேரம் தங்கிய முட்டைமேல் இன்னொரு படலம் சுண்ணாம்பு படிகிறது. அப்பா தட்டு அடுக்கும்போது சில முட்டைகளைத் தனியே எடுத்து வைப்பார். மேலே மாவு தூவினது போலச் சொரசொரப்பாக, நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உதிரும். வியாபாரி எடுக்க மாட்டான். வீட்டில் குழம்புக்குப் போகும். நாங்கள் சாப்பிட்டு வளர்ந்த முட்டைகளில் பாதி, யாரோ கலைத்த கோழியின் முட்டை.

*

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பயம். கோழியின் பயத்தை அளக்க ஒரு பழைய வழி உண்டு. கோழியை மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சில் பதினைந்து நொடி கையை அழுத்தி எடுத்தால், அது அப்படியே கிடக்கும். கட்டவில்லை, மருந்தில்லை. 1646இல் கிர்ச்சர் என்ற பாதிரியார் ரோமில் கோழியைக் கிடத்தி அலகுக்கு முன்னால் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கோட்டைப் பார்த்து மயங்கிவிட்டது என்று எழுதி வைத்தார். கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் ஊர்ப் பையன்கள் கோடே போடாமல் இதைச் செய்வார்கள்.

கிடக்கிற நேரம்தான் அளவு. பயம் அதிகம் இருந்தால் நேரம் நீளும். வாயில் அகப்பட்ட இரை செத்தது போலக் கிடந்தால் கொல்ல வந்தது பிடியைத் தளர்த்தும், அப்போது ஓடலாம் என்று உடம்பு வைத்திருக்கிற கடைசி யுக்தி அது. மரத்தால் ஒரு தொட்டில் செய்து, மேலே துணி விரித்து, நிறுத்துக்கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். கூண்டு வரிசையில் இருந்து எடுத்த ஒரு கோழி, கால்வளையம் மஞ்சள், ஏழு நிமிடம் கிடந்தது. கண் திறந்தே இருந்தது. இமைக்குப் பதிலாக அந்த மெல்லிய சவ்வு அவ்வப்போது கண்ணின் குறுக்கே ஓடி மீளும். கொண்டை வெளுத்தது. மூச்சு மட்டும் நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் படபடவென்று ஏறி இறங்கியது. எனக்கு உதவிக்கு வந்திருந்த தொழிலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சாதுவான கோழிங்க சார்" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆறாயிரம் கோழி நடுவே வளர்ந்த நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அசையாமல் இருந்தால் அமைதி, சத்தம் போட்டால் குணம் கெட்டது.

அந்த ஆய்வுக்கு 24 கோழி வேண்டும் என்று நிறுவன நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போட்டேன். ஏன் 24, 20 போதாதா, வலி உண்டா, முடிந்த பிறகு கோழிகள் என்ன ஆகும் என்று அத்தனை கேள்வி. நியாயமான கேள்விகள். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதி வைத்த மூன்று விதிதான் உலகம் முழுக்க: மாற்று இருந்தால் பிராணி வேண்டாம், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. பதில் எழுதிப் பதில் எழுதி இரண்டு மாதம் போனது. ஒப்புதல் வந்த அன்று பேருந்தில் ஊருக்குப் போனேன். வழி நெடுக இரண்டு பக்கமும் ஷெட்டுகள். அதில் எந்த ஒரு கோழிக்கும் யாரும் எந்தப் படிவமும் நிரப்பியதில்லை. படிப்பதற்காக ஒரு கோழியை மல்லாக்கப் படுக்க வைக்க அனுமதி வேண்டும். விற்பதற்காக ஒன்றரை வருடம் நிற்க வைக்க அன்றைக்கு அது வேண்டியிருக்கவில்லை.

இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் வருகிறது என்பதுதான் விசேஷம். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்படி வந்ததுதான் 1960ஆம் ஆண்டுச் சட்டம். 1962இல் விலங்கு நல வாரியம் சென்னையில் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். பரதநாட்டியத்துக்கு அவர் செய்ததை வைத்து இன்றும் சண்டை நடக்கிறது. இதற்காக யாரும் அவரை நினைப்பதாகத் தெரியவில்லை. அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சோதனைகளைக் கண்காணிக்கிறது. 11ஆவது பிரிவு, பிராணி நியாயமாக அசைய இடமில்லாத உயர, நீள, அகலத்தில் கூண்டு இருந்தால் அது வதை என்கிறது. 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையை முட்டைக் கோழிக்கும் கறிக்கோழிக்குமே ஒதுக்கியது. என் விண்ணப்பத்தை 15ஆவது பிரிவு சல்லடை போட்டுச் சலித்தது. 11ஆவது பிரிவு எங்கள் ஷெட் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

*

வெளிநாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சுவிட்சர்லாந்து முதலில் கூண்டை ஒழித்தது: 1981இல் சட்டம், பத்து வருட அவகாசம். ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டை 2012 ஜனவரி 1 முதல் தடை செய்தது. கோழிக்கு 750 சதுர செ.மீ., முட்டையிடக் கூடு, ஏறி உட்காரக் கம்பு, கிளற ஏதாவது இருந்தால் கூண்டு இருக்கலாம். திறந்துவிட்ட இடங்களில் வேறு பிரச்சினை முளைத்தது. ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கி, சில சமயம் குடலையே இழுத்துவிடும். உயரத்தில் இருந்து பறந்து இறங்கி மோதி நெஞ்செலும்பு உடையும். கூண்டுக் கோழிக்கு எலும்பு தேய்வது அது நடமாடாததால். திறந்துவிட்ட கோழிக்கு எலும்பு உடைவது அது நடமாடுவதால். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து, வருடத்துக்கு 300க்கு மேல் முட்டை. அம்மாயியின் செவலை ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு வைத்து அடை படுத்துவிடும். கோழியின் இடத்தை மாற்றலாம், கோழியையே நாம் மாற்றி வைத்திருப்பதை என்ன செய்வது?

கறிக்கோழிக்கு இது இன்னும் வெளிப்படை. 2000இல் பிரிஸ்டலில் நொண்டும் கோழிகளுக்கும் நல்ல கோழிகளுக்கும் இரண்டு நிறத்தில் தீவனம் வைத்தார்கள். ஒரு நிறத்தில் கார்ப்ரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டிக் கோழிகள் மருந்துத் தீவனத்தை அதிகம் தின்றன. நொண்டல் கூடக் கூட அந்தப் பங்கும் கூடியது. நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏறும்படி வளர்க்கப்பட்ட உடம்பை இளங்கால் தாங்குவதில்லை. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, மருந்துச் சீட்டு எழுதாமலே அவை பதில் சொல்லிவிட்டன.

அப்பாவின் பக்கமும் சொல்ல வேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறும், முட்டை விலையை அவர் நிர்ணயிப்பதில்லை, காலையில் போனில் வருவதுதான் விலை. 1989இல் சத்துணவில் முட்டை வந்ததும், இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு அவித்த முட்டை கிடைப்பதும் இந்தக் கூண்டுகளால்தான். என்னோடு படித்தவர்களில் சிலருக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே நல்ல புரதம் அது. கூண்டைப் பற்றிப் பேசும்போது அந்தத் தட்டை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியாது. முட்டையே சாப்பிடாதே என்று சொல்கிற நண்பர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, பதில் இல்லை.

மேற்படிப்பு முடித்த வருடம் ஷெட்டின் கடைசியில் காலியாகக் கிடந்த மூலையைக் கேட்டேன். எட்டுக்கு ஆறடி. அப்பா கண்ணாலேயே அளந்தார். "இதுல கூண்டு போட்டா நூறு நிக்கும்." அப்புறம், "சரி, பண்ணிப் பாரு." கம்பி வலை அடைத்து, உமி கொட்டி, 18 கோழி விட்டேன். தக்காளிப் பெட்டி பலகையில் மூன்று கூடு, முன்னால் சாக்குத் திரை. முதல் பத்து நாள் எல்லா முட்டையும் தரையில். எச்சம் பட்ட முட்டையை அப்பா ஒன்றும் பேசாமல் துடைத்து வைத்தார், அதுவே பேசினது மாதிரிதான். மூன்றாவது வாரம் ஒரு கோழியை மற்றதெல்லாம் பின்பக்கம் கொத்தியே கொன்றுவிட்டன. கூண்டு வரிசையில் அந்த மாதம் அப்படி ஒன்றுகூடச் சாகவில்லை. அதையும் அவர் சொல்லவில்லை.

பிறகு நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மூலையைக் கலைத்துக் கூண்டு போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது காலை எட்டரை இருக்கும். வலைக்கு வெளியே பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு கோழி கேறிக்கொண்டு திரைக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. நான் பக்கத்தில் போனதும் பேசாதே என்று கையைக் காட்டினார்.

அது உள்ளே போய் அடங்கின பிறகுதான் திரும்பினார்.

"நேத்துப் பதினஞ்சு முட்டை. பதினாலு பொட்டிக்குள்ள."

"மீதி ஒண்ணு?"

தண்ணீர்க் குழாய்க்கு அடியில் உமி குழிந்திருந்த இடத்தைக் காட்டினார். "ஒண்ணு மட்டும் தெனமும் அங்கதான் வெக்குது. ரெண்டு தடவ தூக்கிப் பொட்டிக்குள்ள உட்டுப் பாத்தேன். எந்திரிச்சு வந்துருது."

"விட்டுடுங்கப்பா."

"உட்டுட்டேன். அதுக்கு அங்கதான் புடிச்சிருக்குதாட்ட இருக்குது."